வந்தாரை ஏற்ற வாயில்

(சித்தூர்ச் சீமைத் திருச்சபைகளின் வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்)

தோற்றுவாய்

பிறந்த ஊரை விட்டுப் பிறிதோர் ஊரில் குடியேறும் குடும்பம் முதலில் தேடுவன இரண்டு. ஒன்று, தலைக்கு மேல் ஒரு கூரை. மற்றொன்று, 'வாருங்கள், உட்காருங்கள்' என்று தன் மொழியில் சொல்லும் ஒரு வாய். கூரையை வாடகை கொடுத்துப் பெறலாம். மற்றதை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க இயலாது. சித்தூரிலும் திருப்பதியிலும், குப்பத்தை அடுத்த சாந்திபுரம் வரையிலும் பரவி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

நம்மில் சிலர் அரசுப் பணியின் இடமாற்றத்தால் வந்தவர்கள். சிலர் வணிகத்தால் வந்தவர்கள். இன்னும் சிலரோ எங்கும் வந்தவர் அல்லர். எல்லைதான் அவர்களைத் தாண்டிச் சென்றது. வடார்க்காட்டின் பகுதியாயிருந்த சித்தூர், 1911 ஏப்ரல் முதல் நாளில் தனி மாவட்டமாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. வடக்கெல்லைக் கிளர்ச்சியின் பயனாகத் திருத்தணி 1960இல் சென்னை மாநிலத்திற்குத் திரும்பியது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. ஆகவே, இம்மண்ணில் 'வந்தவர் யார், இருந்தவர் யார்' என்னும் வினாவுக்கு எளிய விடை இல்லை.

'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். முன்னறியாத புதியவரே விருந்தினர். திருவள்ளுவர் இல்லறவியலில் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். 1867இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையாதிருப்பது நாம் அறிந்ததே. இத்தமிழ் மரபின் ஒளியில், நாம் வாழும் இச்சீமையில் கிறித்தவத் திருச்சபைகள் புதியவரை எவ்வாறு ஏற்றன, சுற்றியிருந்த மக்களுக்கு எவ்வாறு தொண்டு செய்தன என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். சமயப் புகழ்ச்சி நம் கருத்தன்று. ஒரு கூட்டம் புதியவரை ஏற்கும்போது அதற்கு நேரும் சோதனைகள் யாவை, அவற்றில் அது எங்கே வென்றது, எங்கே தோற்றது என்பதே நாம் காண விரும்புவது. சங்கம் வைத்து வாழும் நமக்கும் இச்சோதனைகள் உண்டன்றோ?

ஒரே கூரை, இரண்டு இடம்

சித்தூரின் கதையைச் சொல்லுமுன் தமிழகத் திருச்சபைகளின் பழைய நிலையைச் சிறிது காணல் வேண்டும். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரும் அவருக்குப் பின் வந்தோரும் 1718இல் அங்குப் புதிய எருசலேம் ஆலயத்தை எழுப்பினர். சிலுவை வடிவான கோயில் அது. ஆயினும், அக்காலத் தமிழ்ச் சபைகளில் சாதிக்கு ஓர் இடம் என்னும் வழக்கம் ஆலயத்திற்குள்ளும் தொடர்ந்தது. ஞானஸ்நானம் பெற்றவர் யாவரும் சகோதரர் என்று போதனை சொல்லிற்று. அமரும் இடமோ வேறு சொல்லிற்று.

1833இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை முற்றிலும் ஒழிய வேண்டுமென்று ஆணை விடுத்தார். விளைவு என்ன? தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினர். பெத்லகேம் குறவஞ்சி பாடிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் போன்ற பெரும்புலவரும் பழைய வழக்கத்தின் பக்கமே நின்றார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. நல்ல தமிழும் ஆழ்ந்த பக்தியும் உடையவருக்கும் பக்கத்துப் பாயில் இன்னார் அமர்வதை ஏற்பது அத்துணை அரிதாயிருந்தது.

கத்தோலிக்கத் திருச்சபையிலும் இக்கதை உண்டு. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டப்பட்ட ஆலயம் பீடத்திலிருந்து இரு கால்களாகப் பிரிந்து நின்றது. ஒரு கால் ஒரு சாதியாருக்கு, மறு கால் ஏனையோருக்கு, நடுவே சுவர். பீடத்தில் நின்ற குருவானவர் இரு பக்கத்தாரையும் காண்பார். ஒரு பக்கத்தார் மறு பக்கத்தாரைக் காணார். 1910இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. தனியிட உரிமை கோரியவர்களுக்கு அங்கு வெற்றி கிட்டவில்லை.

இந்நிகழ்ச்சிகளிலிருந்து நாம் பெறும் உண்மை ஒன்று உண்டு. வாயிலில் நின்று வணக்கம் சொல்வது வரவேற்பின் தொடக்கமே. வந்தவரை உள்ளே எங்கே அமர்த்துகிறோம் என்பதில்தான் அதன் மெய்ம்மை விளங்கும்.

ஆர்க்காடு மிஷனும் சித்தூரும்

சித்தூர்ச் சீமைக்குக் கிறித்தவம் புதிதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரெஞ்சு இயேசு சபைத் துறவியர் புங்கனூர்ப் பகுதியில் பணி செய்தனர். எனினும், இப்பகுதியின் ஊர்தோறும் சபைகள் தோன்றக் காரணமாயிருந்தது 1853இல் தொடங்கிய ஆர்க்காடு மிஷனே.

அதன் முன்கதை யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறது. 1819இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு இலங்கை சேர்ந்த ஜான் ஸ்கடர் என்னும் மருத்துவர், யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் நோயாளிகளைக் கவனித்து வந்தார். பின்னர் 1836இல் சென்னைக்கு வந்தார். அவர் மக்கள் தமிழ் மண்ணில் பிறந்து தமிழ் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்களுள் மூத்தவர்களான ஹென்றி மார்ட்டின் ஸ்கடரும் உடன்பிறந்தோரும் வேலூர், சித்தூர், ஆரணி ஆகிய ஊர்களை நிலையங்களாகக் கொண்டு அமைத்ததே ஆர்க்காடு மிஷன்.

இவர்கள் தொடக்கத்திலேயே இரண்டு முடிவுகளைச் செய்தனர். முதலாவது, மக்களின் தாய்மொழியிலேயே போதனையும் கல்வியும் நடத்தல். இரண்டாவது, சாதியைக் கைவிட்டோரையே சபையில் சேர்த்தல். தஞ்சையிலும் தரங்கம்பாடியிலும் நேர்ந்ததை அறிந்தவர்கள் ஆதலின், சுவர் எழும்பிய பின் இடிப்பதினும் எழும்பவிடாமற் செய்வதே நன்று என எண்ணினர் போலும். இதனால் சபை விரைந்து பெருகவில்லை. உயர்சாதியார் வரத் தயங்கினர். வந்தவர்களுட் பெரும்பாலோர் ஊருக்குப் புறத்தே சேரியில் வாழ்ந்த உழவுத் தொழிலாளர்.

அவர்கள் தனித்தனியே வந்தவர் அல்லர். ஒரு சேரியின் குடும்பங்கள் சில ஒன்றுகூடி, 'எங்களுக்கு ஓர் உபதேசியாரை அனுப்புங்கள்' என்று கேட்டுக்கொள்ளும்போது மிஷன் ஓர் உபதேசியாரை அனுப்பும். அவரே பகலில் பிள்ளைகளுக்கு ஆசிரியர். மாலையில் பெரியவர்களுக்கு வேதபாடம் சொல்பவர். மனு எழுதித் தருபவரும், நோய் கண்டவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவரும் அவரே. மண்சுவரும் ஓலைக் கூரையும் கொண்ட ஒரே அறை, வார நாளில் பள்ளியாகவும் ஞாயிறன்று கோயிலாகவும் இருக்கும். அதுகாறும் எந்தத் திண்ணையிலும் ஏற அனுமதி பெறாத பிள்ளை, சிலேட்டுப் பலகையுடன் ஒரு கூரைக்குள் அமர்ந்த இடம் அதுவே.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சம் இச்சபைகளைப் பெரிதும் சோதித்தது. பல இலட்சம் மக்கள் மாண்ட காலம் அது. கஞ்சித் தொட்டிகளை நாடி வந்தவர்களுட் பலர் பின்னர்ச் சபையிலும் சேர்ந்தனர். 'அரிசிக் கிறித்தவர்' என்று பிறர் ஏளனம் செய்தனர். இவ்வேளனத்தை நாம் சிறிது நின்று நோக்க வேண்டும். பசித்தவன் சோறிட்ட இல்லத்தை நாடினான் என்பதில் இழிவு எங்கே உள்ளது? இழிவு உண்டாயின், பஞ்சத்திலும் அவனுக்குக் கதவு திறவாத இல்லங்களுக்கே உரியது. எனினும், கொடுப்பவன் கொடைக்கு விலை கேட்கலாகாது என்பதும் உண்மையே. உண்ட சோற்றுக்கு நன்றியாக ஒருவன் தன் நம்பிக்கையைத் தர நேர்ந்தால், கொடுத்தவன் கை தாழ்ந்துபோகும். இந்த இரு உண்மைகளுக்கிடையேதான் மிஷன்களின் தொண்டு வரலாறு முழுவதும் நடந்தது.

பள்ளியின் வாயில்

திருப்பதி வேங்கடவன் திருவடிவாரத்தில் ஜெர்மானிய நாட்டு ஹெர்மன்ஸ்பர்க் லூத்தரன் மிஷன் பள்ளி ஒன்று இருந்தது. 1896இல் திருத்தணியிலிருந்து அங்குப் படிக்க வந்தார் எட்டு வயதுச் சிறுவர் ஒருவர். பின்னர் அவர் வேலூரில் ஆர்க்காடு மிஷனின் ஊரீசுக் கல்லூரியிலும், அதன்பின் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். அவரே இந்தியக் குடியரசின் இரண்டாம் தலைவராக விளங்கிய டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன்.

வைதிகக் குடும்பத்துப் பிள்ளைக்கு மூன்று கிறித்தவ நிறுவனங்கள் கதவைத் திறந்தன. அவர் மதம் மாற வேண்டுமென்ற நிபந்தனை இல்லை. இது பாராட்டற்குரியது. அதே நேரத்தில், அங்கே இந்து சமயத்தைக் குறைகூறிப் பேசிய பேச்சுகள் தம் உள்ளத்தைப் புண்படுத்தின என்பதை அவரே பிற்காலத்தில் எழுதியுள்ளார். அப்புண்ணே அவரைத் தம் முன்னோரின் தத்துவத்தை ஆழ்ந்து கற்கத் தூண்டிற்று. வேதாந்தத்தின் ஒழுக்கநெறி பற்றி அவர் எழுதிய ஆய்வுரை 1908இல் நூலாயிற்று. கிறித்தவக் கல்லூரியின் பேராசிரியர் ஹாக், தம் சமயத்தை எதிர்த்து வாதிட்ட அம்மாணவரின் ஆய்வைக் குறைத்து மதிக்காமல் மனமாரப் பாராட்டினார்.

இதிலும் நமக்கோர் பாடம் உண்டு. உள்ளே அழைத்து அமர்த்திய பின், வந்தவர் கொண்டுவந்ததை இகழ்ந்தால், அந்த இருக்கை முள்ளாகிவிடும். எதிர்த்துப் பேசவும் இடங்கொடுக்கும் ஆசிரியர் ஒருவர் அங்கிருந்தால், அந்த முள்ளும் நீங்கும்.

வேலூரிலிருந்து ஒரு வழி

நம் சீமையில் நோயுற்றோர் வேலூர் செல்வது இன்றளவும் வழக்கம். அந்த வேலூர் மருத்துவமனையும் இதே மரபின் கிளையே. ஜான் ஸ்கடரின் பெயர்த்தி ஐடா ஸ்கடர் 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தார். இளம்பருவத்தில் திண்டிவனத்தில் ஓர் இரவு, பிராமணர் ஒருவர், முஸ்லிம் ஒருவர், வேறொரு இந்து ஒருவர் என மூவர் அடுத்தடுத்து வந்து, பேறுகால வேதனையிலிருந்த தம் மனைவியரைக் காக்கப் பெண் மருத்துவர் வேண்டுமெனக் கேட்டனர். ஆண் மருத்துவரைத் தம் இல்லத்துள் விட அவர்கள் இசையவில்லை. விடியுமுன் மூன்று பெண்களும் இறந்தனர். அமெரிக்காவில் மருத்துவம் கற்று 1900இல் மீண்ட ஐடா, சிறிய அறையில் தொடங்கிய பணி 1902இல் மருத்துவமனையாயிற்று. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் உருவாயிற்று.

நம் பொருளுக்கு இதில் வேண்டுவது ஒன்றே. நோயாளி வர இயலாத வாயிலைக் கட்டி வைத்துக்கொண்டு, 'அவர்கள் வரவில்லையே' என்று இருப்பது தொண்டன்று. வராததற்குக் காரணம் என்னவென்று ஐடா கேட்டார். அந்த இடத்திற்குத் தாமே சென்றார். வாரந்தோறும் வண்டியில் மருந்துப் பெட்டியோடு சிற்றூர் வழிகளில் மரத்தடிதோறும் நின்று அவர் நடத்திய சாலையோர மருத்துவம் இதன் விரிவே.

ஆரோக்கியவரம்

வருவோரை ஏற்பதில் மிகக் கடினமான சோதனை, எவரும் அருகில் அணுக அஞ்சுகின்ற மனிதரை ஏற்பது. இச்சோதனைக்கு நம் சீமை தந்த விடை மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரம்.

காசநோய் அக்காலத்தில் மரண ஓலை. 1882இல் ராபர்ட் காக் கிருமியைக் கண்டறிந்தார். மருந்தோ அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் வரவில்லை. எலும்புருக்கி என்றும் சயரோகம் என்றும் பெயர் சொன்ன மாத்திரத்தில் உறவினர் விலகினர். தட்டும் குவளையும் தனியாயின. அந்த வீட்டுப் பெண்ணுக்குச் சம்பந்தம் பேச எவரும் வாரார். நோயைவிட நோயின் பெயரை மறைப்பதே குடும்பத்திற்குப் பெரும்பாடாயிற்று.

இந்நிலையில், தென்னிந்தியாவில் பணிபுரிந்த பல மிஷன்கள் ஒன்றுகூடி ஒரு காசநோய் மருத்துவமனையை அமைக்க முன்வந்தன. 1912இல் மதனப்பள்ளியில் தொடங்கிய அந்நிலையம், 1915இல் நகருக்கு வெளியே குன்றுகள் சூழ்ந்த வறண்ட காற்றுள்ள நிலத்திற்கு மாறிற்று. அவ்விடத்திற்கு ஆரோக்கியவரம் எனப் பெயரிட்டனர். டென்மார்க் நாட்டு மருத்துவர் கிறிஸ்டியன் பிரிமாத் மோலர் அதன் முதல் தலைவர்.

இதில் இரண்டு செய்திகள் நம் கவனத்திற்குரியன. ஒன்று, லூத்தரன் சபையாரும் சீர்திருத்த சபையாரும் ஆங்கிலிக்கரும் ஸ்காத்லாந்துச் சபையாரும் ஞாயிறு வழிபாட்டில் ஒரே பந்தியில் அமராத காலம் அது. ஆயினும் நோயாளியின் கட்டிலுக்கு முன் அவர்கள் ஒன்றுகூடினர். தென்னிந்தியச் சீர்திருத்த சபைகள் பல 1908இல் ஒன்றிணைந்தன. அவ்வொற்றுமை முதிர்ந்து 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபையாக மலர்ந்தது. மதனப்பள்ளியில் நெடுங்காலம் தெலுங்கில் தொண்டாற்றி 1908இல் மறைந்த ஜேக்கப் சேம்பர்லின் இவ்வொற்றுமைக்காக உழைத்தவர்களுள் ஒருவர். நூல்கள் பேசிய ஒற்றுமையை மக்கள் கண்கூடாகக் கண்ட இடங்களுள் ஆரோக்கியவரம் ஒன்று.

மற்றொன்று, அங்குக் கிடைத்த மருத்துவத்தின் இயல்பு. மருந்து இல்லாத காலத்தில் மருத்துவம் என்பது என்ன? ஓய்வு, தூய காற்று, பால், முட்டை, கஞ்சி. குறித்த நேரத்தில் படுக்கை. நோயுற்ற நுரையீரலுக்கு ஓய்வு தருவதற்காக மார்பினுள் காற்றைச் செலுத்துதல். மாதக்கணக்கில் சிலர் அங்கே கிடந்தனர். இவையெல்லாம் உடலுக்கு. உள்ளத்திற்குக் கிடைத்தது வேறு. சொந்த வீட்டில் எவரும் தொட அஞ்சிய கையைச் செவிலியர் நாள்தோறும் பிடித்து நாடி பார்த்தனர். தமிழும் தெலுங்கும் பேசிய நோயாளிகள் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்து ஒருவர்க்கொருவர் உறவாயினர்.

ஆரோக்கியவரத்தின் மருத்துவக் கண்காணிப்பாளராயிருந்த டாக்டர் பி. வி. பெஞ்சமின் பின்னர் இந்திய அரசின் காசநோய் ஆலோசகராகப் பொறுப்பேற்றார். 1948இல் இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசி சோதனை முறையில் தொடங்கப்பட்ட இடங்களுள் மதனப்பள்ளி ஒன்று. முதல் தலைவரின் மகன் யோகான்னஸ் பிரிமாத் மோலர், 1950 முதல் சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் வீடுவீடாகச் சென்று காசநோய் எவ்வாறு பரவுகிறது என ஆராய்ந்தார். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஏடு அவ்வாய்வை வெளியிட்டது. கிராமத்து மக்களின் நோயை உலகம் கற்றுக்கொண்ட பாடசாலைகளுள் ஒன்றாக நம் சீமை விளங்கிற்று.

இவ்வரலாற்றின் அடுத்த திருப்பம் சென்னையில் நேர்ந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் முதலிய மருந்துகள் வந்தபின், 1956இல் சென்னையில் காசநோய் மருத்துவ ஆய்வு மையம் அமைந்தது. அங்கே 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மருத்துவமனையிலும், மறு பிரிவினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தனர். வீட்டிலிருந்தோர் பெரும்பாலும் ஏழைகள். நெருக்கமான குடிசைகளில் வாழ்ந்தவர்கள். 1959இல் முடிவு வெளியாயிற்று. வீட்டு மருத்துவமும் மருத்துவமனை மருத்துவத்திற்கு ஏறத்தாழச் சமமாகப் பயன் தந்தது; வீட்டிலுள்ள ஏனையோருக்கு அதனால் மிகுதியாகத் தொற்றவும் இல்லை. உலகெங்கும் காசநோய் மருத்துவமனைகளின் காலம் இதன்பின் மெல்ல முடிவுக்கு வந்தது. ஆரோக்கியவரமும் பொது மருத்துவ நிலையமாக மாறிப் பணி தொடர்ந்தது.

ஒதுக்கப்பட்டவனுக்கு மலையடிவாரத்தில் ஓர் இல்லம் அமைத்தது முதற்கட்டம். அவன் தன் சொந்த வீட்டிலேயே, தன் மனைவி மக்களோடு இருந்து நலம் பெறலாம் என்று நிறுவியது இரண்டாம் கட்டம். தொண்டு நிறுவனம் தன் தேவை குறைவதைக் கண்டு மகிழ வேண்டும். அதற்குப் பெரிய மனம் வேண்டும்.

தெலுங்கு நாட்டில் ஒரு தமிழர்

இதுகாறும் கண்டவர்களுட் பலர் கடல் கடந்து வந்தவர்கள். நம்மைப் போலவே தமிழ் மண்ணிலிருந்து தெலுங்கு மண்ணுக்கு வந்த ஒருவரையும் காணல் வேண்டும்.

நெல்லை மாவட்டத்து வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர் வே. சா. அசரியா. 1903இல் பாளையங்கோட்டையில் நெல்லைத் தமிழ்ச் சபையாரே தம் பணத்தால், தம் ஆட்களால் பணி செய்யவென்று இந்திய மிஷனரி சங்கத்தை நிறுவியபோது அதன் முன்னணியில் நின்றவர். அச்சங்கம் தேர்ந்த இடம் நிஜாம் ஆட்சியிலிருந்த தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பகுதி. 1909இல் அசரியா தாமே அங்குச் சென்று குடியேறினார். தெலுங்கு கற்றார். 1912இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

நெல்லைத் தாய்மார் அரிசி களைய எடுக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலத்திலிடுவர். அதற்குப் 'பிடியரிசி' என்று பெயர். வாரந்தோறும் அது கோயில் சேரும். ஆண்டுப் பண்டிகையில் காய்கறியும் கோழியும் காணிக்கையாய் வந்து ஏலத்தில் விலைபோகும். அன்று ஊரார் யாவரும் ஒருங்கே உண்ணும் 'அசனம்' நடக்கும். செல்வர் ஒருவர் தந்த பெருங்கொடையினும், வறியோர் பலர் தந்த பிடியரிசி ஒரு சபைக்கு மிகுந்த உறுதி தரும். கொடுக்கத் தெரிந்தவர் எவரும் தம்மைப் பிறர் தயவில் வாழ்பவராக எண்ணார்.

அசரியா சென்ற இடத்தில் சபையில் சேர்ந்தோர் பெரும்பாலும் மாலரும் மாதிகரும். இரு பிரிவினரும் நிலமற்ற உழைப்பாளிகளே. எனினும் தமக்குள் கலவாதவர்கள். அவர்களை ஒரே பந்தியில் அமர்த்துவதே அவருக்கு வாழ்நாட் பணியாயிற்று. 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் அவர் ஆற்றிய உரை புகழ் பெற்றது. மேலைநாட்டார் இந்தியருக்காகப் பெரும் தியாகங்கள் செய்ததை நன்றியோடு ஏற்ற அவர், அவற்றோடு சமமாகப் பழகும் நட்பும் வேண்டுமென்று கேட்டார். கொடையைப் பெற்றுக்கொண்ட ஒருவர், கொடுத்தவர் முன் நின்று 'எங்களோடு உட்காருங்கள்' என்று கேட்ட குரல் அது. 1939இல் தோர்ணக்கல்லில் அர்ப்பணம் பெற்ற பேராலயத்தில் கோயில், மசூதி ஆகியவற்றின் கட்டடச் சாயல்கள் கலந்து நிற்கின்றன. வந்த இடத்தின் மண்ணோடு கலத்தல் என்பதற்கு அஃதொரு சான்று.

தீராத கணக்கு

வரலாறு எழுதுவோர் வெற்றியை மட்டும் எழுதினால் அது வாழ்த்துப் பாவாகிவிடும். சாதியை விட்டோரையே ஏற்ற சபைகளிலும், திருமணப் பேச்சு வரும்போது சாதி திரும்பி வந்தது. தமிழகத்தின் சில ஊர்களில் இன்றும் கல்லறைத் தோட்டம் இரண்டாக இருக்கின்றது. வடக்கன்குளத்துச் சுவரை 1910இல் இடித்தாயிற்று. இறந்தோர் நடுவே நிற்கும் சுவர் முற்றும் இடியவில்லை.

நாட்டின் சட்டத்திலும் ஒரு கணக்கு எஞ்சியுள்ளது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினரின் உரிமைகளை இந்துக்களுக்கு மட்டுமே என வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். சேரியிலிருந்து திருச்சபைக்கு வந்தவரின் வழித்தோன்றல்களோ இன்னும் வெளியே நிற்கின்றனர். சபைக்குள் சிலர் அவர்களை முழுமையாய் ஏற்கவில்லை. சட்டமோ அவர்கள் சபைக்குள் சென்றுவிட்டதையே காரணமாகக் காட்டுகிறது. இரண்டு வாயில்களுக்கு நடுவே நிற்கும் அம்மக்களின் நிலையை நினையாமல் இக்கட்டுரையை முடித்தல் நேர்மையன்று.

முடிவுரை

மேற்கண்ட வரலாறு நமக்குத் தருவன நான்கு. வந்தவரை அமர்த்தும் இடமே வரவேற்பின் அளவுகோல். அமர்த்தியபின் அவர் நம்பிக்கையையும் வழக்கத்தையும் இகழாதிருத்தல் அதன் காவல். வர இயலாதவரைத் தேடிச் செல்லுதல் அதன் விரிவு. பெற்றவரும் கொடுப்பவராகும்படி செய்தல் அதன் முதிர்ச்சி.

இவை திருச்சபைக்கு மட்டும் உரியன என்று எவரும் சொல்லார். அயல் மாநிலத்தில் தமிழ் பேசுவோர் கூடும் சங்கமும் ஒருவகையில் ஒரு சபையே. பொங்கல் விழாவில் முன்வரிசை நாற்காலிகள் யாருக்கு? அலுவலகப் பணியில் உள்ளோருக்கும் வணிகப் பெருமக்களுக்கும் அழைப்பிதழ் செல்வதுபோல், கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் தமிழ்க் குடும்பத்திற்கும் செல்கிறதா? திருப்பதி மருத்துவமனைகளின் தாழ்வாரத்தில், தெலுங்கு அறியாமல் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்கும் தமிழ்த் தாய்க்கு நம்மில் ஒருவர் துணை நிற்கும் ஏற்பாடு உண்டா? தமிழ் பேச மட்டும் தெரிந்து எழுதப் படிக்க அறியாத நம் பிள்ளைகளைக் குறைகூறாமல் அழைத்து அமர்த்திக் கற்பிக்க, வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்க யார் முன்வருவார்? இவ்வினாக்களுக்கு விழா மேடையில் விடை கிடையாது. அடுத்த நாள் காலையில்தான் உண்டு.

நம் இல்லங்களிலும் நாள்தோறும் உலை கொதிக்கின்றது. பிடியரிசி எடுத்து வைக்கும் கலம் ஒன்று அடுப்பங்கரையில் இருக்கட்டும். வந்தாரை வாழவைக்கும் தமிழர் என்னும் பழம்பெயர், நாமே வந்தாராய் வாழும் இம்மண்ணில், நமக்குப் பின் வருவோரை நாம் ஏற்கும் முறையால் நிலைபெறுவதாக.

வாழ்க தமிழ்! வளர்க தொண்டு!